தரையிலிருந்து அளந்தவன்

திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தால், அச்சகத்துக்காரர் மாப்பிள்ளையின் பெயரை எழுதிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே அடுத்த கேள்வியைக் கேட்பார்: "பேருக்குப் பின்னால இன்னா போடணும்?" ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் குடும்பம் இந்தப் பக்கத்தில் அபூர்வம். பட்டம் இருந்தால் பட்டம், டிப்ளமோ இருந்தால் டிப்ளமோ, எதுவுமே இல்லையென்றால் செய்கிற தொழிலையாவது போட்டாக வேண்டும். பெயர் மட்டும் தனியாக நின்றால் மாப்பிள்ளையே வேட்டியில்லாமல் நிற்கிற மாதிரி. பிரம்மதேசம் வேங்கடேசனும் அப்படித்தான், "பி.எஸ்சி. போடுங்க. பிசிக்ஸ்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் நெல்லும் போட்டுப் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பியவர். அவருக்கு அந்தப் பெருமை கூடாதென்று யார் சொல்ல முடியும்? பக்கத்தில் நின்ற மகன் கோகுலகிருஷ்ணன் மாதிரிப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

அந்த இடத்தில் திறந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அவன் பி.எஸ்சி. படித்தது பொய்யில்லை. மூன்று வருஷமும் ஒழுங்காகக் காலேஜுக்குப் போனான், எல்லாப் பேப்பரும் பாஸ். ஒன்றே ஒன்று தவிர. அது மெக்கானிக்ஸ். அதில் பூமியின் ஈர்ப்பு, துணைக்கோள், சுற்றுப்பாதை என்று ஒரு பாடம் வரும். சூத்திரமெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கணக்கென்று வந்தால் மட்டும் விடை எங்கோ போய் நிற்கும். திரும்பத் திரும்ப எழுதினான். ஒவ்வொரு முறையும் மார்க் பாஸுக்கு ஒரு முழம் கீழே நின்றது. அப்பாவிடம் மட்டும் ஒருநாள், "எல்லாம் முடிஞ்சிடுச்சுப்பா," என்றான். அந்த வார்த்தைதான் அச்சகம் வரைக்கும் போனது.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு பொய்க்கே உயிர் போகும் என்பதைச் சொன்னவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை.

பெண் கலைப்பிரியா. திருவக்கரைக்குப் பக்கத்து ஊர், சவுரிராயன் என்கிற விவசாயியின் ஒரே மகள். எம்.எஸ்சி. பிசிக்ஸ், பி.எட். பெண் பார்க்கப் போன அன்று இருவரையும் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"பிசிக்ஸ்ல உங்களுக்கு எது ரொம்பப் புடிக்கும்?"

ஒளி, மின்சாரம், காந்தம் என்று எத்தனையோ இருக்க, அவன் வாயில் வந்தது, "கிராவிட்டி."

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கும் அதான்."

கல்யாணமான பிறகு ஒருநாள் அவளே சொன்னாள். பேங்க்கில் வேலை பார்க்கிற பையன் ஒருவனும் அப்போது கேட்டு வந்தானாம். "வூட்டுல உக்காந்து பேசறதுக்கு ஒரு ஆளு வேணும்னு நெனச்சேன். நீங்க பிசிக்ஸுன்னதும் சரின்னுட்டேன்," என்றாள். அவள் தன்னைத் தேர்ந்தெடுத்ததே இல்லாத ஒன்றைப் பார்த்துத்தான் என்று அவனுக்குத் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு சொல்வது முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது.

மாமனார் சவுரிராயனோ, யார் வீட்டுக்கு வந்தாலும் ஒரே பாட்டுத்தான். "எங்க மாப்ள. பி.எஸ்சி. பிசிக்ஸு. பூமிக்குள்ள எங்க தண்ணி கீதுன்னு படிச்சே சொல்லிடுவாரு." கோகுல் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வான்.

தண்ணீர் விஷயம் ஓரளவு நிஜம். அவன் திண்டிவனத்தில் தென்னரசு என்பவரின் போர்வெல் வண்டியில் சூப்பர்வைசர். வண்டி ஒரு கொல்லையில் போய் நின்று துளை போட ஆரம்பித்தால், எத்தனை ராடு இறங்கியது, எந்த அடியில் பாறை, எந்த அடியில் ஈரம் என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவன். நிலத்துக்காரர் பக்கத்திலேயே நின்று, "எத்தினி அடிங்க?" என்று நச்சரிப்பார். அவன் சொல்வான். அந்த வேலையில் தரைதான் பூஜ்யம். எல்லாக் கணக்கும் தரையிலிருந்து கீழே. வருஷக்கணக்காக அப்படியே அளந்து அளந்து, அது அவன் புத்தியிலும் இறங்கிப்போயிருந்தது. தரைக்குக் கீழே என்றால் ஆழம், தரைக்கு மேலே என்றால் உயரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கல்யாணமாகி ஐந்து வருஷம். மகள் எல்.கே.ஜி. போகிறாள். கலைப்பிரியா திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு பிசிக்ஸ் டீச்சர். இப்படியே காலம் போய்விடும் என்று அவன் நினைத்திருந்தபோதுதான், காலேஜ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குக் கடைசி வாய்ப்பு. இதற்குப் பிறகு கிடையாது. பரீட்சை விழுப்புரத்தில்.

செய்தியை இரண்டு முறை படித்தான். பாஸானால் பத்திரிகையில் போட்டது உண்மையாகிவிடும். யாருக்கும் எதையும் சொல்லவேண்டியதில்லை. ஃபெயிலானால் சாகிறவரைக்கும் அந்த மூன்று எழுத்தைத் திருட்டுச் சொத்து மாதிரி சுமக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் போட்டான்.

படிக்க வேண்டுமே, எங்கே படிப்பது? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். வீட்டிலேயே பிசிக்ஸ் டீச்சர் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் அதே பாடத்துக்குத்தான் பாடக்குறிப்பு எழுதுகிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாது. "வண்டிக்கு தொளை போடற பிட்டு வாங்கணும், விழுப்புரம் போய்ட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி மாவட்ட நூலகத்தில் போய் உட்கார்ந்தான். வேலைக்குப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் தலையில் நரை எட்டிப் பார்க்கிற இவன்.

மற்றப் பாடங்கள் படியத்தான் செய்தன. துணைக்கோள் கணக்கு மட்டும் பழையபடி பேஜார் பண்ணியது. அவன் போடுகிற விடை ஒன்று, அவன் வாங்கிவைத்திருந்த கைடில் இருக்கிற விடை ஒன்று. சூத்திரத்தைச் சரிபார்த்தான், சரி. பெருக்கலைச் சரிபார்த்தான், சரி. அப்படியானால் தப்பு யாருடையது? கைடென்றால் அச்சுப் பிழை இல்லாமல் இருக்குமா என்ற முடிவுக்கு வந்தான். அச்சான விடைகளைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் தன் விடையை எழுதிவைத்தான். நமக்கு வராததெல்லாம் அச்சுப் பிழை என்று வைத்துக்கொண்டால் உலகத்தில் படிப்பது எவ்வளவு சுலபம்!

இந்தச் சமயத்தில்தான் கலைப்பிரியாவுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. இரண்டு கண்ணும் சிவந்து, இமை ஒட்டிக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று மகளைத் திருவக்கரைப் பக்கம் தாத்தா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஆனால் முந்தின நாள் வைத்த ஸ்லிப் டெஸ்ட் பேப்பர்க் கட்டு வீட்டில் கிடந்தது. மறுநாளே மார்க்கைப் பெற்றோர் குழுவில் போட்டாக வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டம்.

"இன்னாங்க, ஒரே ஒரு கணக்குதான்," என்றாள் அவள், கண்ணில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு. "எனக்குக் கண்ணத் தொறந்தாலே மண்ண வாரிப் போட்ட மாதிரி கீது. நீங்க திருத்திக் குடுக்கறீங்களா?"

"குடு, இன்னா பெரிய விஷயம்."

"வெடைய சொல்லட்டுமா?"

அந்த இடத்தில் அவன், "சொல்லு," என்றிருக்கலாம். பாழாய்ப்போன வீறாப்பு. "எனக்குத் தெரியாதா? நானும் பிசிக்ஸுதான். நீ கண்ண மூடிக்கினு படு," என்றான்.

கணக்கு இதுதான்: தரையில் 72 நியூட்டன் எடையுள்ள ஒரு பொருளை, பூமியின் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்குக் கொண்டுபோனால் அதன் எடை எவ்வளவு?

கோகுல் போர்வெல் ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தான். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலில் ஒரு பங்காகக் குறையும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இது சூத்திரம். இங்கே உயரம் இரண்டு மடங்கு. ஆக, எழுபத்திரண்டில் நாலில் ஒரு பங்கு, பதினெட்டு. முடிந்தது. அவனுக்கே ஒரு சந்தோஷம். சிவப்புப் பேனாவைத் திறந்தபோது, தானும் ஒரு வாத்தியார் ஆகியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

முதல் பேப்பரில் விடை எட்டு. முட்டை போட்டான். இரண்டாவதிலும் எட்டு. மூன்றாவதிலும் எட்டு. கட்டில் முக்கால்வாசி எட்டாகவே இருந்தது. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதியிருக்கிறான், வேறென்ன? ஒவ்வொரு தாளின் மேலும் 'காப்பி' என்று சிவப்பில் எழுதினான். நடுவில் பிரவீன்குமார் என்ற பையன் மட்டும் பதினெட்டு என்று எழுதியிருந்தான். அவனுக்கு முழு மார்க் போட்டு, 'வெரி குட்' என்றும் எழுதினான்.

சங்கவி என்ற பெண்ணின் தாளில் படிப்படியாக எல்லாம் இருந்தது. இரண்டு ஆரத்தோடு இன்னொரு ஆரத்தைக் கூட்டி, மூன்று ஆரம் என்று எழுதி, அதன்பிறகு கணக்கைப் போட்டிருந்தாள். இந்தப் பெண் இல்லாத ஒரு ஆரத்தை எங்கிருந்து கொண்டுவந்தாள் என்று கோகுலுக்குப் புரியவில்லை. அந்த ஆரத்தைச் சுற்றிச் சிவப்பில் அழுத்தமாக ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்தான்.

"எப்படி எழுதிக்கிறாங்க?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மோசம் பிரியா. முக்காவாசி காப்பி."

"நல்லாத்தானே நடத்தினேன்," என்றாள் மெதுவாக. அந்தக் குரலைக் கேட்டு அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவள் போனிலிருந்தே மார்க்கையெல்லாம் குழுவில் போட்டு, பேப்பர்க் கட்டைப் பள்ளிக்கூடத்து வேனில் கொடுத்தனுப்பினான்.

கண் ஓரளவு தேறி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கலைப்பிரியா வேலைக்குப் போன அன்று, கரஸ்பாண்டன்ட் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. சங்கவியின் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். மேஜையில் தாளும் பாடப்புத்தகமும். காப்பியடித்தாள் என்று வீட்டில் அந்தப் பெண் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அழுது தீர்த்தபிறகு புத்தகத்தை எடுத்துவந்து, அப்பாவுக்கு வரிவரியாகக் காட்டியிருக்கிறாள். அவர் நேராக வந்துவிட்டார்.

கலைப்பிரியா தாளை எடுத்துப் பார்த்தாள். சரியான விடைக்கு முட்டை. சரியான ஆரத்தைச் சுற்றி வட்டம். கேள்விக்குறியின் வளைவைப் பார்த்ததுமே யார் கை என்று அவளுக்குத் தெரியாதா? தேள் கொட்டினால் திருடன் அல்லவா வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்? இங்கே திருடாதவள் நின்றாள். வீட்டுக்காரரிடம் கொடுத்துத் திருத்தினேன் என்று சொன்னால் வேலையே போகும். "கண்ணு வலி சார். சரியாத் தெரியல. தப்பாத் திருத்திட்டேன். மன்னிச்சிடுங்க," என்றாள். பிறகு வகுப்பில் போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் எதிரில் அதையே இன்னொரு முறை சொன்னாள். சாயங்காலத்துக்குள் பதினோராம் வகுப்பை அவளிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி அவளுக்கு எட்டாம் வகுப்பு அறிவியல்.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கோகுலின் முன்னால் வைத்தாள்.

"அந்தக் கணக்க இப்ப போடுங்க."

"எந்தக் கணக்கு?"

"நீங்க திருத்தனீங்களே, அது."

அவன் போட்டான். பதினெட்டு. அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ரெண்டு மடங்கு உயரம்னா, எங்கேருந்து ரெண்டு மடங்கு?"

"தரையிலேருந்து."

"பூமி எங்கேருந்து இழுக்குது?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். பூமியின் நிறை முழுவதும் அதன் மையத்தில் குவிந்திருப்பதாகக் கொள்க. இந்த வரியை அவன் எத்தனை பரீட்சையில் எழுதியிருக்கிறான்! எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே தரையில் நின்று அளந்திருக்கிறான். இழுப்பு மையத்திலிருந்து, தரையே மையத்திலிருந்து ஒரு ஆரம் தள்ளித்தான் இருக்கிறது, அதற்கு மேலே இரண்டு. மொத்தம் மூன்று. எழுபத்திரண்டில் ஒன்பதில் ஒரு பங்கு, எட்டு. அந்தப் பெண் இல்லாத ஆரத்தைக் கொண்டுவரவில்லை. இருக்கிற ஆரத்தை இவன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. கைடில் அடித்துத் திருத்திய விடைகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, காது மடல் சுட்டது.

"தப்பு யாருக்கும் வரும்," என்றாள் அவள். "டிகிரி வாங்கனவங்களுக்கும் வரும். ஆனா வெடைய சொல்லட்டுமான்னு கேட்டேனே, ஏன் வேணாம்னீங்க?"

இனி ஒளிக்க இடமில்லை.

"பிரியா, நான் மெக்கானிக்ஸ் பேப்பரு பாஸ் பண்ணல."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "எப்ப?"

"எப்பவுமே. டிகிரி வரல எனக்கு. இப்ப கடைசியா ஒரு சான்ஸு குடுத்துக்கிறாங்க. அதுக்குத்தான் விழுப்புரம் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன்."

"பத்திரிகையில போட்டிருந்துச்சே?"

"அப்பா போடச் சொன்னாரு."

"அச்சடிச்சு வந்ததும் நீங்க படிச்சுப் பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேன்."

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அது நோயின் சிவப்பா அழுகையின் சிவப்பா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு சாயங்காலத்துல சொல்லிக் குடுத்திருப்பேன்."

"கேட்டா தெரிஞ்சிடுமே."

"தெரியக்கூடாதுன்னு அஞ்சு வருசம் எங்கூட குடும்பம் நடத்தியிருக்கீங்க," என்றாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நானும் இன்னிக்கு பொய் சொன்னேங்க. அந்தப் பசங்க எதிர்ல நின்னுக்கினு, என் கண்ணு மேல பழியப் போட்டேன். சங்கவி என்னையே பாத்துக்கினு இருந்தா. அவளுக்கு என் கையெழுத்து தெரியும். நான் பொய் சொல்றேன்னு அவளுக்குத் தெரியும்."

கோகுலகிருஷ்ணன் அழுதான். ஆண்பிள்ளை அழக்கூடாதென்று சொல்கிறவர்கள் அவன் இடத்தில் ஒருநாள் இருந்து பார்க்கட்டும். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு, வேண்டியதற்கு மட்டும் என்றாகிவிட்டது. சோறு வைத்தாள், துணி மடித்தாள், மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினாள். எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கம் திரும்பாது. அவளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு, ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்றிருக்கும். இவ்வளவு கெடுத்தபிறகு அதையும் விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்றும் இருக்கும். கைடை எடுத்து, தான் அடித்த விடைகளையெல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தான். ஒன்றுகூட அச்சுப் பிழை இல்லை.

பரீட்சை நாளன்று காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "விழுப்புரம் போறேன். பரீட்சைக்கு." அந்த ஊருக்கு எதற்குப் போகிறான் என்பதைக் கிளம்பும்போதே அவளிடம் உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள், "ம்," என்றாள்.

பெரிய கேள்வியாக வந்தது துணைக்கோள்தான். தரையை ஒட்டிச் சுற்றும் துணைக்கோளின் வேகம் விநாடிக்கு எட்டு கிலோமீட்டர் என்றால், பூமியின் ஆரத்தைப் போல மூன்று மடங்கு உயரத்தில் சுற்றுவது என்ன வேகத்தில் போகும்? பழைய கோகுல் மூன்றை எடுத்துக்கொண்டு, வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்டி, நாலரைக்கு மேல் ஏதோ ஒரு தசமத்தில் போய் விழுந்திருப்பான். இவன் பேனாவைக் கீழே வைத்தான். சங்கவியின் தாளும் அந்தச் சிவப்பு வட்டமும் கண்ணில் நின்றன. மூன்றோடு ஒன்றைக் கூட்டினான். நாலு. வர்க்கமூலம் இரண்டு. எட்டில் பாதி, விநாடிக்கு நாலு கிலோமீட்டர். இவ்வளவுதானா என்றிருந்தது. இவ்வளவுக்குத்தானா இத்தனை வருஷம் என்று நினைத்தபோது, விடை வந்த சந்தோஷம் வராமலே போய்விட்டது.

ரிசல்ட் போனில் வந்தது. பாஸ். அடுப்படி வாசலில் நின்று சொன்னான்.

"பாஸாயிட்டேன் பிரியா."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "நல்லது," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் கட்டிக்கினது அப்பவே பாஸான ஆளுன்னு நெனச்சுத்தானேங்க," என்றாள். குத்திக்காட்டுகிற குரலில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பாஸானால் பொய் உண்மையாகிவிடும் என்று எண்ணியிருந்தானே, அதுவும் தப்புக் கணக்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமையன்று பரீட்சை எழுதிய இடத்துக்கு வந்து மார்க் ஷீட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லித் தகவல் வந்தது. அவன் கிளம்பும்போது அவளும் புடவை மாற்றிக்கொண்டு, மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நானும் வர்றேன்."

அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு விட்டான். மன்னித்துவிட்டாள், தன்னோடு சேர்ந்து சந்தோஷப்படத்தான் வருகிறாள் என்று விழுப்புரம் போகிறவரைக்கும் நினைத்துக்கொண்டே போனான். அங்கே அலுவலக ஜன்னலில் தாளை வாங்கியதும் அவள் கையை நீட்டினாள். பெயரைப் படித்தாள். பதிவு எண்ணைப் படித்தாள். பாடத்தைப் படித்தாள். மார்க்கை விரல் வைத்துப் படித்தாள். அதற்குத்தான் அவள் வந்தாள் என்பது அவனுக்கு அப்போது புரிந்தது. இனி அவன் வாயால் சொல்வது எதையும் அவள் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டாள். படித்து முடித்து, தாளை மடக்காமல் அவனிடமே கொடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அவன் திண்டிவனம் பஸ்ஸைப் பார்த்து நடந்தான். அவள் அந்தப் பக்கம் வரவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி, அம்மனைப் பார்க்கப் போகிற கூட்டத்துக்காகத் திருவக்கரைக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருந்தார்கள். அவள் அதன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லணும்."

"இப்ப எதுக்கு பிரியா? அதான் பாஸாயிட்டேனே. அவருக்குத் தெரியவே வேணாமே."

"தெரிய வேணாம், தெரிய வேணாம்னுதான் இவ்ளோ தூரம் வந்துக்குது," என்றாள் அவள். "அங்க நீங்க சொல்லுங்க. திங்கக்கெழம ஸ்கூல்ல நான் சொல்லிடறேன். யாரு திருத்தனதுன்னு. வேல போனா போவட்டும். சங்கவி மூஞ்சியப் பாத்துப் பேசணும் எனக்கு."

அவன் ஏறினான். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக ஆட்கள். மகள் அவன் தோளில் தூங்கிப்போனாள். மார்க் ஷீட் கசங்கிவிடக்கூடாதென்று ஒரு கையால் சட்டைக்குள் பிடித்துக்கொண்டே போனான். எத்தனையோ வருஷமாக ஏங்கிய தாள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் காட்டும்போதுதான் அது இல்லாமல் இருந்ததையும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு தண்டனையை அவளைத் தவிர யாராலும் யோசித்திருக்க முடியாது என்று நினைத்தான். அவளைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

இறங்கியதும் பிள்ளையைக் கலைப்பிரியா தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். சவுரிராயன் வீட்டில் பௌர்ணமிக்கு வந்த உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மருமகனைக் கண்டதும் அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

"வாங்க மாப்ள, வாங்க! வெயில்ல வந்துக்கிறீங்க, மோரு குடிங்க." கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நடுக்கூடத்தில் நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, வழக்கமான அந்தப் பெருமையோடு ஆரம்பித்தார். "நம்ம மாப்ள. பி.எஸ்சி. பிசிக்ஸு. பூமிக்குள்ள எங்க தண்ணி கீதுன்னு..."

"இல்ல மாமா," என்றான் கோகுலகிருஷ்ணன்.

செருப்பைத் தேடிக் குனிகிற பழக்கத்தில் தலை தானாகவே தாழப் பார்த்தது. நிமிர்த்திக்கொண்டான்.

"நான் இப்பத்தான் மாமா பாஸ் பண்ணேன். கல்யாணத்தப்ப பி.எஸ்சி. இல்ல. பத்திரிகையில போட்டது பொய்யி."

சவுரிராயன் வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளை என்னமோ தமாஷ் பண்ணுகிறார் என்று அவருக்கு. பெரியவரும் கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சவுரிராயன் மகள் பக்கம் திரும்பினார். கலைப்பிரியா கதவோரத்தில், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.